ரப்பர் உடையும் பிளாஸ்டர் நகரமும்: ஜப்பானிய ராட்சதப் படங்களை எங்கிருந்து தொடங்கலாம்?

நம்மில் பெரும்பாலோர் காட்ஸில்லாவை ஹாலிவுட் வழியாகத்தான் அறிவோம். 2021இல் வந்த 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' தமிழ்க் குரலோடும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதைப் பார்த்த கையோடு, இதன் பூர்வீகம் எப்படி இருக்கும் என்ற ஆவலில் 1960களின் ஜப்பானியப் படம் ஒன்றைப் போடுகிறவர்கள் பத்து நிமிடத்தில் சிரித்துவிடுகிறார்கள். ராட்சதனுக்குள் ஆள் இருப்பது தெரிகிறது. கட்டடம் பொம்மை என்பது தெரிகிறது. சில காட்சிகளில் விமானத்தைத் தாங்கும் கம்பியே தெரிகிறது.

சிரிக்கலாம், தவறில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிடுவதுதான் தவறு. 'நிஜம்போல் இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இந்தப் படங்கள் தோற்றுவிடும். 'இதை எப்படிச் செய்தார்கள்?', 'இதைச் செய்தபோது எதற்குப் பயந்துகொண்டிருந்தார்கள்?' ஆகிய இரண்டு கேள்விகளோடு உட்கார்ந்து பாருங்கள், எழுபது ஆண்டுக் காலத்துப் பெரும் உலகம் ஒன்று திறக்கும்.

முதலில் சில அடிப்படைகள். இந்த ராட்சத உயிரிகளை ஜப்பானியர் 'கைஜு' என்கிறார்கள். உடை, மினியேச்சர் நகரம், கம்பி, புகை, வெடி ஆகியவற்றைக் கொண்டு அவற்றைத் திரையில் நடமாட விடும் கலைக்குத் 'தொக்குசட்சு' என்று பெயர். டோஹோ நிறுவனம் காட்ஸில்லாவின் தாய்வீடு. போட்டிக்கு வந்த டாயேய் நிறுவனம் 1965இல் கமேரா என்ற பறக்கும் ராட்சத ஆமையை உருவாக்கியது. காட்ஸில்லா படங்களை ரசிகர்கள் காலவாரியாகப் பிரிப்பார்கள்: 1954 முதல் 1975 வரை வந்த பதினைந்தும் ஷோவா காலம், 1984 முதல் 1995 வரை வந்த ஏழும் ஹெய்செய் காலம், 1999 முதல் 2004 வரை வந்த ஆறும் மில்லேனியம் காலம். இந்தப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். பெரும்பாலான படங்களைத் தனியாகவே பார்க்கலாம். கதை விட்டுப்போகும் என்ற கவலை ஹெய்செய் காலத்துக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும்.

முதல் படத்திலிருந்து தொடங்குங்கள். 1954இன் 'கோஜிரா' (காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர்), 96 நிமிடம், கறுப்பு வெள்ளை. புதியவருக்குக் கறுப்பு வெள்ளை எதற்கு, வண்ணத்தில் ஏதாவது காட்டுங்கள் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்ணக் கும்மாளத்தில் தொடங்கியவருக்குக் காட்ஸில்லா ஒரு கோமாளியாகப் பதிந்துவிடும். பிறகு முதல் படத்தின் துக்கம் உள்ளே இறங்காது.

துக்கம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1954 மார்ச் 1 அன்று, பசிபிக்கின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. வெடிப்பு கணக்கிட்டதைப் போல இரண்டரை மடங்கு பெரிதாகப் போய்விட்டது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே டூனா பிடித்துக்கொண்டிருந்த 'டைகோ ஃபுகுர்யு மாரு' என்ற ஜப்பானியப் படகின் மேல் வெண்சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிரியக்கத்துக்கு ஆளானார்கள். அவர்களில் வயர்லெஸ் பணியாளர் செப்டம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த மீன்களைக் கருவி வைத்துச் சோதித்துப் புதைக்க வேண்டியிருந்தது. ஹிரோஷிமா, நாகசாகி முடிந்து ஒன்பதே ஆண்டுகள்.

அதே ஆண்டு நவம்பர் 3 அன்று படம் வெளியானது. தொடக்கக் காட்சியில் ஒரு சரக்குக் கப்பலின் தளத்தில் மாலுமிகள் கிதார் வாசித்து இளைப்பாறிக்கொண்டிருக்கிறார்கள். கடலில் கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம். கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. அன்றைய ஜப்பானியப் பார்வையாளருக்கு இது எந்தச் செய்தி என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் ரயிலில் பயணம் செய்யும் ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பி வந்தது இதற்குத்தானா என்ற பொருளில் அலுத்துக்கொள்கிறாள். காட்ஸில்லா டோக்கியோவை எரிக்கும் இரவில், தெருவோரத்தில் குழந்தைகளை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். மறுநாள் மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கமானியைக் கொண்டுபோகிறார்கள், அது படபடக்கிறது. கேளிக்கைப் படம் என்று நினைத்து வந்தவரைத் தூக்கிப்போடும் காட்சிகள் இவை.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா சீனாவில் படைவீரராக இருந்து, 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்டவர். அழிவைப் படமாக்கும்போது அவர் கட்டடம் இடிவதோடு நிறுத்துவதில்லை. மறுநாள் காலையையும் காட்டுகிறார். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும். இதற்குப் பின் வந்த எத்தனை ராட்சதப் படங்கள் அந்த மறுநாளைக் காட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் அருமை புரியும்.

படத்தின் மையம் காட்ஸில்லாகூட இல்லை. செரிசாவா என்ற விஞ்ஞானி. ராட்சதனைக் கொல்லக்கூடிய ஒரு பொருளை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதைப் பயன்படுத்தினால் உலகம் அதை அறிந்துவிடும். அறிந்தால் அடுத்த ஆயுதமாக்கிவிடும். பயன்படுத்தாவிட்டால் டோக்கியோ எரியும். அவர் என்ன செய்கிறார் என்பதை நீங்களே பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: 1956இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பு வேறு. ரேமண்ட் பர் என்ற நடிகரை ஒரு நிருபராக நடிக்க வைத்துப் புதிய காட்சிகளைச் செருகி, மூலப் படத்தை வெட்டியிருந்தார்கள். நாகசாகி வசனம் அதில் காணாமல் போனது. முதல்முறை பார்ப்பவர் ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும் உள்ள மூலத்தையே தேட வேண்டும். பிற்காலப் படங்களுக்கும் இதே விதிதான். பழைய ஆங்கில மொழிமாற்றங்கள் நல்ல நடிப்பைக்கூடக் கேலியாக்கிவிடும். முதல் படத்தில் தொல்லுயிர் ஆய்வாளராக வரும் தகாஷி ஷிமுரா, அதே ஆண்டில் இயக்குநர் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் தலைவராக நடித்தவர். அவருடைய குரலை இழப்பானேன்?

இனி அந்த ரப்பர் உடைக்கு வருவோம்.

சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற எய்ஜி சுபுராயா, 1933இன் 'கிங் காங்' படத்தை ஆராதித்தவர். பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஒவ்வொரு சட்டகமாகப் படமெடுக்கும் அதன் முறையைத்தான் அவர் விரும்பினார். அதற்கு நேரமும் பணமும் இல்லை. ஆகவே உடைக்குள் ஆளை நிறுத்தினார். நெருக்கடியில் எடுத்த முடிவு ஒரு கலையாக வளர்ந்தது. முதல் உடை 100 கிலோவுக்கு மேல். விறைப்பில் அதை அணிந்து சில அடிகள் எடுத்து வைப்பதே பெரும் பாடு. விளக்குச் சூட்டில் உள்ளே இருப்பவர் மயங்கி விழும் நிலை. அந்த உடைக்குள் இருந்தவர் ஹாருவோ நகாஜிமா. விலங்குக் காட்சிசாலைக்குப் போய்ப் பெரிய மிருகங்கள் எடையை எப்படிக் கால் மாற்றுகின்றன என்று கவனித்துவந்து நடித்தார். 1954 முதல் 1972 வரை தொடர்ந்து பன்னிரண்டு படங்களில் காட்ஸில்லா அவர்தான்.

நகரம் 1:25 அளவில் கட்டப்பட்டது. ஒழுங்காக இடிந்து விழ வேண்டும் என்பதற்காகவே சுவர்களைப் பிளாஸ்டரில் வார்த்தார்கள். காட்சியை வழக்கத்தைவிட வேகமாக ஓடும் கேமராவில் எடுத்து, திரையில் சாதாரண வேகத்தில் ஓட்டினார்கள். இடிபாடு மெல்ல விழும், கால் மெல்லப் பதியும், ஐம்பது மீட்டர் உருவத்தின் எடை கண்ணுக்கு வந்துவிடும். அந்தக் கர்ஜனையைத் தந்தவர் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. கான்ட்ராபாஸ் என்ற பெரிய வயலினின் தந்திகளை, மரப்பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து எழுப்பிய ஒலி அது. எந்த விலங்கின் குரலையும் கடன் வாங்கவில்லை.

ஜப்பானின் மரபான புன்ராகு பொம்மலாட்டத்தில் ஆட்டுவிப்பவர்கள் மேடையிலேயே, பார்வையாளர் கண்முன்னே நிற்பார்கள். யாரும் அவர்களை மறைப்பதில்லை, பார்ப்பவரும் பொம்மையைத்தான் பார்க்கிறார். ராட்சதப் படங்களுக்கும் இந்தப் பார்வை பொருந்தும் என்பது என் கருத்து. உள்ளே ஆள் இருப்பதைத் தெரிந்துகொண்டே பாருங்கள். தலையைச் சாய்ப்பது, எதிரியைப் பார்த்து ஒரு நொடி தயங்குவது, வாலைத் திருப்பும்போது இடுப்பை வளைப்பது ஆகிய எல்லாம் நடிப்பு. நகாஜிமாவின் காட்ஸில்லாவும் பின்னால் வந்தவர்களின் காட்ஸில்லாவும் ஒன்றில்லை என்பது மூன்றாவது நான்காவது படத்திலேயே உங்களுக்குப் பிடிபடும்.

முதல் படம் முடிந்ததும் பலர் செய்வது, வரிசையாக அடுத்த படத்துக்குப் போவது. 1955இல் அவசரமாக வந்த அந்தத் தொடர்ச்சியில் காட்ஸில்லா அங்கிலஸ் என்ற முள்முதுகுப் பிராணியுடன் ஒசாகாவில் மோதுகிறது. இரண்டு ராட்சதர்கள் மோதும் வழக்கம் அதில்தான் தொடங்கியது என்பதற்கு மேல் அதில் அதிகம் இல்லை. அங்கேயே பலருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. பத்து ஆண்டுகள் தாவி, 1964இன் 'மோத்ராவும் காட்ஸில்லாவும்' படத்துக்குப் போங்கள்.

மோத்ரா ஒரு ராட்சத அந்துப்பூச்சி. ஒரு தீவு மக்களின் தெய்வம். ஓரடி உயரமே உள்ள இரட்டைச் சகோதரிகள் பாடி அழைத்தால் வரும். அந்தச் சகோதரிகளாக நடித்தவர்கள் 'தி பீனட்ஸ்' என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த இரட்டைப் பாடகியர். 1961இல் மோத்ரா அறிமுகமான படத்திலிருந்து வரும் அந்த அழைப்புப் பாடலின் வரிகள் மலாய்-இந்தோனேசிய மொழியில் அமைந்தவை. மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் காது கொடுத்தால் சில சொற்கள் பிடிபடும்.

1964 படத்தில் புயல் ஒரு ராட்சத முட்டையைக் கரையில் ஒதுக்குகிறது. ஒரு வியாபாரி அதை மீனவர்களிடம் விலைக்கு வாங்கி, கட்டணம் வைத்துக் காட்சிப்பொருளாக்கப் பார்க்கிறார். முட்டையைத் திருப்பித் தருமாறு சகோதரிகள் வந்து கெஞ்சுகிறார்கள். வியாபாரி அவர்களையே விலைபேசுகிறார். பிறகு காட்ஸில்லா மண்ணுக்குள்ளிருந்து கிளம்புகிறது. இப்போது உதவி கேட்டுத் தீவுக்குப் போவது மனிதர்களின் முறை. அணுகுண்டுச் சோதனையில் பாழான அந்தத் தீவு மக்கள் முகத்தில் அறைந்தாற்போல் மறுக்கிறார்கள். காசாசை பிடித்த ஒரு சமூகத்தின் மீது இவ்வளவு நேரடியான கோபத்தை ஒரு பூச்சிப் படத்தில் எதிர்பார்க்க மாட்டோம். நகாஜிமாவின் நடிப்பும் இதில் உச்சம். நகோயா கோபுரத்தில் வால் சிக்கி இழுபட்டு, பின்பு தடுமாறி நகோயா கோட்டையின் மேலேயே சாய்வதைப் பாருங்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த மூன்றுதலைக் கிடோரா படம் குடும்பத்தோடு பார்க்க ஏற்றது. வான்வெளியிலிருந்து வந்த தங்கநிற மூன்றுதலை டிராகனை எதிர்க்க, மோத்ரா காட்ஸில்லாவையும் ரோடான் என்ற பறக்கும் ராட்சதப் பல்லியையும் பேசிச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறது. மனிதர்கள் எப்போதும் எங்களை வதைத்தவர்கள்தானே, அவர்களுக்கு நாங்கள் எதற்கு உதவ வேண்டும் என்று காட்ஸில்லா கேட்கிறது. அதை இரட்டைச் சகோதரிகள் மனிதர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள்! 1954இல் சாவாக வந்த உருவம் இங்கே வீராப்புக் காட்டும் பங்காளியாக மாறுகிறது. இந்த மாற்றம் பிடிக்காத ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கும்; ஒரே உருவம் பயமாகவும் நகைச்சுவையாகவும் நிற்க முடிகிறதே.

அதன்பின் ஷோவா காலம் மெல்லக் குழந்தைகள் பக்கம் சாய்கிறது. 1969இல் வந்தது பெரும்பாலும் பழைய படங்களின் காட்சிகளை ஒட்டித் தைத்தது. அதை இப்போது தொட வேண்டாம். விதிவிலக்கு 1971இன் ஹெடோரா படம். யொக்காய்ச்சி நகரத்தில் ஆலைப்புகையால் மக்கள் ஆஸ்துமாவில் தவித்த காலம். கழிவுச் சேற்றிலிருந்து பிறந்து, ஆலைப் புகைபோக்கியை உறிஞ்சிக் கொழுக்கும் ராட்சதனை இயக்குநர் யோஷிமிட்சு பன்னோ படைத்தார். நடுவே கார்ட்டூன் வருகிறது, விடுதி நடனம் வருகிறது, காட்ஸில்லா தன் வாயிலிருந்து உமிழும் அணுமூச்சை உந்துவிசையாக்கிப் பின்னோக்கிப் பறக்கவும் செய்கிறது. விசித்திரம்தான். எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் 'எதற்குப் பயந்தார்கள்' என்ற நம் கேள்விக்கு முதல் படத்துக்கு அடுத்தபடியாகத் துல்லியமான பதில் இதில்தான் இருக்கிறது.

ஹெய்செய் காலத்தில் ஒன்று மட்டும் வேண்டுமென்றால் 1989இன் 'பியோலான்டே'. பொதுமக்களுக்கு நடத்திய கதைப் போட்டியில் ஒரு பல் மருத்துவர் அனுப்பிய கருவிலிருந்து வந்தது. காட்ஸில்லாவின் உயிரணுவும் ரோஜாவும் கலந்த ராட்சதச் செடி. மரபணுப் பொறியியல் பற்றிய அச்சம். 1995இன் கடைசிப் படம் உருக்கமானது; அதை மட்டும் 1954 படத்தைப் பார்க்காமல் தொடவே கூடாது.

அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ராட்சதப் படங்கள் காட்ஸில்லாவுடையவை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995, 1996, 1999 ஆண்டுகளில் ஷுசுகே கனேகோ இயக்கிய கமேரா முத்தொகுப்பு அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. 1960களில் குழந்தைகளின் நண்பனாகத் திரிந்த ஆமையை அவர் பெரியவர்களுக்கான கதைக்குள் கொண்டுவந்தார். சிறப்புக் காட்சிகளை எடுத்த ஷின்ஜி ஹிகுச்சி கேமராவைத் தெருவில் நிற்கும் மனிதனின் கண்மட்டத்தில் வைத்து மேல்நோக்கிப் பார்த்தார். அதே ரப்பர் உடை, அதே மினியேச்சர்தான். கோணம் மாறியதும் எல்லாமே மாறிவிட்டது. உடைந்த டோக்கியோ கோபுரத்தின் மேல் அந்தி வெளிச்சத்தில் கியாவோஸ் என்ற எதிரி ராட்சதப் பறவை அமர்ந்திருக்கும் காட்சி முத்தொகுப்பின் முதல் படத்தில் வருகிறது. மூன்றாவது படத்தின் மையப் பாத்திரம், கமேராவின் சண்டையில் பெற்றோரை இழந்த ஒரு சிறுமி. நாயகன் காப்பாற்றும்போது காலடியில் நசுங்கியவர்களின் கணக்கு யாருடையது என்று அவள் கேட்கிறாள். ரப்பர் உடை என்றாலே சிரிக்கும் நண்பர் இருந்தால் அவரை இந்த மூன்றாவது படத்துக்கு முன் உட்கார வையுங்கள். ஆனால் முத்தொகுப்பை மட்டும் வரிசை மாறாமல் பாருங்கள்.

இந்நூற்றாண்டில் இரண்டு போதும். 2016இன் 'ஷின் காட்ஸில்லா'வை ஹிதேயாகி அன்னோவும் அதே ஹிகுச்சியும் இயக்கினார்கள். படத்தின் பாதி கூட்டங்களிலேயே நடக்கிறது. ராட்சதன் ஆற்றில் ஏறி வரும்போது அமைச்சர்கள் எந்தச் சட்டத்தின்கீழ் உத்தரவிடுவது என்று விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். 2011 மார்ச் 11இன் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து ஆகியவற்றை நினைவில் வைத்துப் பாருங்கள்: ஆற்றில் படகுகள் குவியலாகத் தள்ளப்படுவதும், இறுதியில் கான்கிரீட் பம்ப் லாரிகள் வரிசைகட்டுவதும் எங்கிருந்து வந்தவை என்று விளங்கும். இதில் காட்ஸில்லா முழுக்கக் கணினி உருவம். ஆனால் அதன் அசைவைத் தந்தவர் கியோகென் என்ற மரபு நாடகக் கலைஞர் மான்சாய் நொமுரா. உடை போனாலும் உள்ளே ஆள் இருக்கிறார்.

இரண்டாவது 2023இன் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. இயக்குநர் தகாஷி யமசாகியே சிறப்புக் காட்சிகளுக்கும் தலைமை ஏற்றார். 35 பேர் கொண்ட குழு 610 காட்சித் துண்டுகளைச் செய்து முடித்தது. 2024இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பிரிவில் ஒரு ஜப்பானியப் படம் வென்றது அதுவே முதல்முறை. கதை போர் முடிந்த கையோடு நடக்கிறது. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டும் சாகாமல் திரும்பிய ஒரு விமானி, உயிரோடு இருப்பதற்கே வெட்கப்படுகிறான். காட்ஸில்லா இல்லாமலேகூட அந்தக் கதை நிற்கும். கறுப்பு வெள்ளையின் மேல் தீராத ஒவ்வாமை உள்ளவர்கள் இதில் தொடங்கிக்கொள்ளலாம், அந்த அளவுக்கு மட்டும் இறங்கி வருகிறேன். ஆனால் டோக்கியோவின் கின்சா தெருவைக் காட்ஸில்லா மிதிக்கும்போது எழும் இசை இஃபுகுபேயின் பழைய இசை. 1954ஐப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும், மற்றவருக்கு அது பின்னணி இசை மட்டுமே.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் 1954, 2023 இரண்டையும் தள்ளிவைத்து, கிடோராவிலிருந்து தொடங்குங்கள். அவர்களுக்கு அது பிடித்துவிட்டால் அடுத்து சுபுராயாவின் சொந்த நிறுவனம் 1966இல் தொலைக்காட்சிக்குத் தயாரித்த 'அல்ட்ராமேன்'. வாரம் ஒரு ராட்சதன் தேவைப்பட்டதால், இருக்கும் உடைகளையே ஒட்டி வெட்டி மாற்றிப் பயன்படுத்தினார்கள். அதில் ஜிராஸ் என்றொரு ராட்சதன் கழுத்தைச் சுற்றிப் பெரிய தோல்மடிப்போடு வருவான். அது காட்ஸில்லாவின் உடைதான். பிள்ளைகள் இதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.